ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: பீப்பா செய்த ஒருவனின் விமர்சனம்

ரொம்பப் பிந்தி எழுதுகிறேன் என்று தெரியும். இந்தக் கேம் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் 2018 ஒக்டோபர் 26இல் வந்தது, கணினிக்கு 2019 நவம்பரில் வந்தது, நான் முடித்தது போன மாதம்தான். இதற்குள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். குதிரையைப் பற்றி, கதையைப் பற்றி, பனியைப் பற்றி, துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி. நான் வாசித்தவரை கடை வாசலில் கிடக்கும் பீப்பாவைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் கொழும்பில் இரண்டு வருடம் பீப்பா செய்தவன். கேம்களுக்குள் வைக்கிற 3டி பீப்பா. பெட்டி, வாளி, சங்கிலி, உடைந்த வேலி, கதவுப் பிடி எல்லாம் செய்திருக்கிறேன், ஆனால் அதிகம் செய்தது பீப்பாதான். அதனால் இந்தக் கேமை நான் பார்த்த விதம் கொஞ்சம் வேறு.

முதலில் வாங்க யோசிப்பவர்களுக்கு. என்னுடையது செக்கன்ட் ஹேண்ட் மெஷின், ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி கார்ட், பதினாறு ஜிபி ரேம். கேமைச் செய்த ராக்ஸ்டார் கொம்பனி சிபாரிசு செய்கிற அளவும் கிட்டத்தட்ட அதுதான். நடுத்தர செட்டிங்கில் தடங்கல் இல்லாமல் ஓடியது, பெரிய நகரமான செயின்ட் டெனிஸுக்குள் போனால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. ஹார்ட் டிஸ்க்கில் 150 ஜிபி இடம் வேண்டும். இரவு டேட்டாவில் ஆறு ராத்திரி இறக்கினேன். மட்டக்களப்பில் கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீடு, பின்னேரத்தில் காற்று வரும், ஆனால் மத்தியானத்தில் இந்தக் கேமைப் போட்டால் மெஷின் கொதிக்கும், மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வேர்த்துக்கொண்டு இருந்தேன். முழு விலை 60 டொலர், அதைக் கொடுக்காதீர்கள். வருடத்தில் பல தடவை பெரிய தள்ளுபடி வருகிறது, நானும் அப்படித்தான் வாங்கினேன். சின்ன வயதில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொப்பி டிவிடி வாங்கி விளையாடி வளர்ந்தவன் நான். காசு கொடுத்து வாங்கிய முதல் பெரிய கேம் இது. ஏன் வாங்கினேன் என்பதற்கும் கீழே சொல்லப்போகிற கதைக்கும் தொடர்பு இருக்கிறது.

கதை 1899இல் நடக்கிறது. அமெரிக்காவில் குதிரையேறி வருகிற கொள்ளைக்காரர்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. டச் என்ற தலைவனின் கூட்டம் ஒரு கொள்ளை பிசகிப்போனதால் பனிமலைக்குள் ஓடி ஒளிந்திருக்கிறது. நாம் ஆர்தர் மோர்கன், டச்சின் வலது கை. முதல் இரண்டு மணி நேரம் பனிக்குள் நடப்பதே வேலை. அதில் பலர் சலித்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மலையை விட்டு இறங்கி பச்சைச் சமவெளி திறக்கிற இடத்தில் நான் கையை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தேன். காலை வெயில் புல்லில் விழுகிற விதம், எங்கள் வாவியில் காலை ஆறு மணிக்கு விழுகிற வெயில் மாதிரியே இருந்தது.

எல்லாம் மெதுவாக நடக்கும். மானை வேட்டையாடினால் தோலை உரிப்பதை முழுதாகப் பார்க்க வேண்டும். மேசை லாச்சியைத் திறந்தால் கை நீண்டு, பொருளை எடுத்து, பைக்குள் வைப்பது வரை காட்டும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு இல்லை. எரிச்சலூட்டியது வேறு: உலகம் அவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது, கதையை நகர்த்துகிற மிஷனுக்குள் போனால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. சொன்ன பாதையை விட்டு நாலடி விலகினால் மிஷன் தோல்வி என்று திரை கறுத்துவிடும். வேறு வழியாகச் சுற்றிப் போய் அடிக்கலாமே என்று நினைத்தால் விடாது. இது உண்மையான குறை, எத்தனை பேர் தலையில் தூக்கி வைத்தாலும் குறைதான்.

ஆர்தர் செய்கிற வேலைகளில் ஒன்று கடன் வசூல். கூட்டத்தில் ஒருவன் ஏழைகளுக்கு வட்டிக்குக் கொடுத்திருப்பான், நாம் போய் வாங்கி வர வேண்டும். நோயில் இருமிக்கொண்டிருக்கிற ஒரு விவசாயியை வேலியோடு வைத்து அடிக்கிற காட்சி ஓடும்போது அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தவ, நின்று பார்த்துவிட்டு, “என்ன மனே, இவனும் லோன்காரனா?” என்று கேட்டா. மட்டக்களப்பில் நுண்கடன் எடுத்த எந்த வீட்டிலும் இந்தக் கேள்விதான் வரும். வசூலுக்கு ஆள் வருகிற கிழமை எது என்று எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு அடியின் விலை பிறகு கதையில் திரும்பி வரும், எப்படி என்று சொல்ல மாட்டேன்.

சரி, பீப்பா. வலன்டைன் என்று ஒரு சேற்று ஊர் வருகிறது, ஆட்டுச் சந்தை நடக்கிற ஊர். அங்கே பலசரக்குக் கடை வாசலில் குதிரையை விட்டு இறங்கிக் கமெராவைப் பீப்பா பக்கம் திருப்பினேன். மரப் பலகை ஒவ்வொன்றின் ரேகையும் வேறு. இரும்புப் பட்டைக்கும் பலகைக்கும் இடையில் அழுக்கு தேங்கியிருக்கிறது. அடிப்பக்கம் சேறு தெறித்து ஒரு கறை. அக்காவின் மகன், பதினாறு வயது, பக்கத்தில் இருந்து பொறுமை இழந்து, “மாமா, இந்தப் பீப்பாவையே ஏன் சுத்திச் சுத்திப் பார்க்கிறீங்க, வாங்க போவம்” என்றான்.

ஒரு பீப்பா செய்வது எப்படி என்று சொல்கிறேன். முதலில் அதை மிக நுணுக்கமாகச் செதுக்க வேண்டும், லட்சக்கணக்கான சின்னச் சின்னத் தட்டை முகங்களோடு, பலகையின் வெடிப்பு வரை. அவ்வளவு கனமான மாடலைக் கேம் தாங்காது, அதனால் அதே உருவத்தைச் சில ஆயிரம் முக்கோணங்களுக்குள் அடக்கி இன்னொன்று செய்ய வேண்டும். பிறகு அதன் மேற்பரப்பைத் தோடம்பழத் தோலை உரித்து விரிப்பது மாதிரி தட்டையாக விரித்து, செதுக்கிய நுணுக்கத்தையெல்லாம் அந்தத் தோலில் இறக்க வேண்டும். அப்புறம் நிறம், துரு, ஈரம், பளபளப்பு. அப்புறம் தூரத்தில் தெரியும்போது போடுவதற்கு இன்னும் இலேசான மூன்று நான்கு பதிப்பு. அதற்குப் பிறகுதான் ஃபீட்பேக் வரும். நான் செய்த முதல் பீப்பாவுக்குப் பதினொரு தடவை திருத்தம் வந்தது. துரு அதிகம் சிவப்பு. துரு போதாது. பட்டையின் ஆணி சரியான இடத்தில் இல்லை. ஐரோப்பாவில் இருந்த கிளையண்டுக்கு ஓக் மரப் பீப்பா வேண்டும், நான் ஓக் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊரில் பீப்பா என்றால் தண்ணி பிடித்து வைக்கிற நீலப் பிளாஸ்டிக் பீப்பாதான். படங்களைப் பார்த்துப் பார்த்து, கனவிலும் பலகை எண்ணிக்கொண்டு செய்தேன். எட்டாவது திருத்தத்தில் ஒரு விஷயம் புரிந்தது: மழை படுகிற பக்கம் வேறு மாதிரிக் கறுக்கும், நிழல் பக்கம் வேறு மாதிரி. அதைச் செய்து முடித்தபோது வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. நல்ல வேலை அது. இப்போதும் நல்ல வேலை என்றுதான் சொல்வேன்.

அதனால்தான் இந்தக் கேமை விளையாடும்போது அழகு கண்ணில் படுகிற ஒவ்வொரு இடத்திலும் எனக்கு மணி நேரம் தெரிகிறது. குளிர் இடத்துக்குப் போனால் ஆண் குதிரையின் விதைப்பை சுருங்கும். வெளிவந்தபோது எல்லாரும் இதைச் சொல்லி வியந்தார்கள். யாரோ ஒருவர் அதை மாடல் செய்தார், இன்னொருவர் அசைவு கொடுத்தார், மூன்றாவது ஆள் குளிர்ப் பிரதேசத்தில் குதிரையை நிறுத்திச் சரியாகச் சுருங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த மூன்று பேரும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்?

இதற்குப் பாதிப் பதில் வெளியே வந்திருக்கிறது. கேம் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன், ராக்ஸ்டார் கொம்பனியை நிறுவியவர்களில் ஒருவரான டான் ஹவுசர் ஒரு பேட்டியில், 2018இல் பல தடவை வாரத்துக்கு 100 மணி நேரம் வேலை செய்தோம் என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஏழு நாளும் வேலை செய்தாலும் ஒரு நாளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எதிர்ப்புக் கிளம்பியதும், அது மூத்த எழுத்தாளர்கள் நாலு பேர் மூன்று வாரம் செய்தது மட்டும், மற்ற யாரையும் அப்படிக் கேட்கவில்லை என்று விளக்கம் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தவர்களும் விலகியவர்களும் பத்திரிகையாளர்களிடம் வாய் திறந்தார்கள். இங்கிலாந்தின் லிங்கனில் கேமைச் சோதிக்கிற பிரிவுக்கு ஓவர்டைம் கட்டாயமாக இருந்தது, இந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் விரும்பினால் செய்யலாம் என்று மாற்றினார்கள். ஒரு பேட்டி வாய் தவறி வந்திராவிட்டால் அந்தச் சோதனையாளர்கள் அப்படியே தொடர்ந்திருப்பார்கள்.

இது அந்தக் கொம்பனியில் முதல் தடவையும் இல்லை. இதன் முந்தைய பாகம் வந்தது 2010 மே மாதம். அந்த வருடம் ஜனவரியில், அதைச் செய்த சான் டியாகோ ஸ்டுடியோ ஊழியர்களின் மனைவிமார் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், சனிக்கிழமையும் சேர்த்து நீள நீள நாட்கள் வேலை வாங்கி எங்கள் ஆட்களின் உடம்பையும் மனதையும் கெடுக்கிறீர்கள் என்று. அதற்கும் முன்னால், 2004இல், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கொம்பனியில் வேலை செய்தவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எரின் ஹொஃப்மன் என்ற பெண் பெயரைச் சொல்லாமல் இதே மாதிரி எழுதினார். அந்தக் காலத்து வழக்குகளில் ஓவியக் கலைஞர்களுக்கு 15.6 மில்லியன் டொலர், புரோகிராமர்களுக்கு 14.9 மில்லியன் டொலர் என்று அந்தக் கொம்பனி கொடுத்துத் தீர்க்க வேண்டி வந்தது. கவனியுங்கள், இரண்டு தடவையும் பேசியது வீட்டில் காத்திருந்த பெண்கள். வேலை செய்கிறவன் பேச மாட்டான். அவனுக்குக் கேம் பிடிக்கும். அதுதான் பிடி.

இந்தக் கேமின் கதையிலேயே அந்தப் பிடி இருக்கிறது. செய்தவர்கள் நினைத்து வைத்தார்களா என்று எனக்குக் கவலை இல்லை, இருக்கிறது. முகாமில் ஒரு காசுப் பெட்டி இருக்கும். எல்லாரும் கொள்ளையடித்ததில் ஒரு பங்கு அதில் போட வேண்டும். அந்தக் காசில் கூடாரங்களை நல்லாக்கலாம், ஆனால் முதலில் டச்சின் கூடாரத்தை நல்லாக்கினால்தான் ஆர்தரின் கூடாரத்துக்கே வர முடியும். டச் நல்லவன் மாதிரியே பேசுவான். என்னிடம் ஒரு பிளான் இருக்கிறது, என்னை நம்புங்கள், இன்னும் ஒரே ஒரு பெரிய கொள்ளை, அப்புறம் டஹிட்டிக்குப் போய் மாம்பழம் வளர்த்துக்கொண்டு இருக்கலாம். நாங்கள் ஒரு குடும்பம். ஆட்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், பிளான் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. மூன்றாவது அத்தியாயத்தில் டச் மறுபடி இந்தப் பேச்சைத் தொடங்கினபோது நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

கொழும்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்கள் ஒரு குடும்பம், இந்த மைல்ஸ்டோன் மட்டும் முடியட்டும். கொம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, அங்கே இன்னும் என் கூட்டாளிகள் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுப் பெரிய ஸ்டுடியோக்களுக்குப் பொருள் செய்து கொடுக்கிற இடம். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துவிட்டு, 2021 தொடக்கத்தில் வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்து, மாதம் 45,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். கேம் செய்கிற இடத்தில் எனக்கு வேலை என்று ஊரில் எல்லாருக்கும் சொன்னேன். அம்மா மாமாங்கத்தில் அர்ச்சனை செய்தா.

ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும். டெட்லைன் வாரம் என்றால் இரவு பதினொன்று, பன்னிரண்டு. டெட்லைன் இல்லாத வாரம் வந்ததாக நினைவில்லை. ஓவர்டைம் காசு கிடையாது. அதற்குப் பதில் ராத்திரி கொத்துப் பார்சல் வரும். முதல் மாதங்களில் அந்தக் கொத்து வரும்போது நாங்கள் கைதட்டியிருக்கிறோம். அது எங்கள் ஓவர்டைம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. வலது மணிக்கட்டில் வலி தொடங்கினது அந்த வருடக் கடைசியில், இன்றும் மாரி காலத்தில் வரும்.

பிறகு 2022. இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதத்தில் 360 ஆகிவிட்டது. மார்ச் முடிவில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் இருக்கிற நேரம்தான் வேலை நேரம் என்று சொல்லிவிட்டார்கள், அது விடியப்புறம் இரண்டு மணியாக இருந்தாலும். பஸ் இல்லை, டீசல் இல்லை, அதனால் மேசைக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தோம். கரண்ட் வந்ததும் விசிறி சுத்துகிற சத்தத்தில் எழும்பி, முகத்தைக் கழுவிவிட்டுத் துருவுக்கு நிறம் போடத் தொடங்குவோம். இதெல்லாம் நாட்டின் பிரச்சினை, கொம்பனி என்ன செய்யும் என்று நானும் அப்போது சொன்னேன். ஆனால் ஒரு கணக்கு என் மண்டைக்குள் இருந்துகொண்டே இருந்தது. கிளையண்ட் கொடுப்பது டொலரில். என் பீப்பாவுக்கு வருகிற டொலர் குறையவில்லை, ரூபாயில் பார்த்தால் அது ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. எனக்குக் கிடைத்தது அதே 45,000. டொலரில் பார்த்தால் 225இல் இருந்து 125க்கு இறங்கிவிட்டது. பாண் விலையும் போர்டிங் வாடகையும் ஏறிக்கொண்டே போக, நான் முன்னிலும் அதிக மணி நேரம் வேலை செய்து முன்னிலும் குறைவாக வாங்கினேன். நடுவில் நின்ற வித்தியாசம் எங்கே போனது என்று கேட்டதற்கு எங்கள் குழுவின் தலைவரான லீட் சொன்ன பதில், “இப்ப வேலை இருக்கிறதே பெரிய விஷயம் தம்பி.”

அந்த வருடம் சித்திரைக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் அக்கா கார்மென்ட்ஸில் வேலை செய்கிறா. விடிய ஐந்தரைக்கு கொம்பனி பஸ் வரும். கார்மென்ட்ஸ் வேலை சுகம் என்று நான் சொல்ல வரவில்லை, மணிக்கு இத்தனை துண்டு என்ற டார்கெட்டும், அதைப் பிடிக்க முடியாத நாளில் சூப்பர்வைசர் போடுகிற சத்தமும் அவ வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவ என்னைக் கேட்டா, “உனக்கு ஓவர்டைம் மணிக்கு எவ்வளவு போடுறாங்க?” போடுவதில்லை என்றேன். “ஈபிஎஃப்?” கொன்ட்ராக்ட் என்பதால் அந்தச் சேமலாப நிதியும் இல்லை என்றேன். அக்கா எழும்பிப் போய் அலுமாரியில் இருந்து தன் சம்பளச் சிட்டையை எடுத்து வந்து மேசையில் விரித்தா. மடிப்பு மடிப்பாக இருந்த சின்னக் காகிதம். அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, ஓவர்டைம் இத்தனை மணி நேரம், இவ்வளவு ரூபாய் என்று ஒரு வரி, ஈபிஎஃப் பிடித்தது ஒரு வரி. விரலை அந்த ஓவர்டைம் வரியில் வைத்து, “உனக்கு இந்த வரி இல்லையா?” என்றா. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே நம்ப முடியாமல் கேட்டா. அந்த விரலைத்தான் நான் மறக்கவில்லை. எழுத்தும் வடிவமும் தெரிந்தவன் என்று அவ தன் சம்பளத்தில் படிக்க வைத்த தம்பி.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. ஈபிஎஃப்புக்குத் தொழிலாளி எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம், ஈடிஎஃப் என்ற நம்பிக்கை நிதிக்கு முதலாளி மூன்று வீதம். கணினிக்கு முன்னால் இருந்து செய்கிற வேலை என்பதால் இதெல்லாம் பொருந்தாது என்று எங்கேயும் எழுதவில்லை. கொன்ட்ராக்ட் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, மறுநாள் காலை ஒன்பதுக்கு வா, லீவு கேட்டுத்தான் எடு என்று சொன்னால், அது உண்மையில் கொன்ட்ராக்டா என்று தொழில் திணைக்களத்தில் போய்க் கேட்கலாம். எனக்கு அன்று இது தெரியாது. நான் போகவில்லை. அந்த வருடக் கடைசியில் விலகி வந்துவிட்டேன். நாங்கள் பொருள் செய்து கொடுத்த கேம் பிறகு வெளிவந்தது, கடைசிப் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கொம்பனியின் பெயர் ஒரு வரி. எங்கள் இருபத்திரண்டு பேரின் பெயர் இல்லை.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. 2024இல் ஜகார்த்தாவில், பெரிய கேம்களுக்குப் படைப்பு செய்து கொடுத்த ஒரு ஸ்டுடியோவில் ஊழியர்களைத் துன்புறுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்து பொலிஸ் விசாரணை வரை போனது. போலந்தில் சைபர்பங்க் 2077 என்ற கேமைச் செய்தவர்களுக்கு, கட்டாய ஓவர்டைம் வராது என்று 2019இல் வாக்குக் கொடுத்தார்கள், 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் என்று அறிவித்தார்கள். அங்கே ஓவர்டைமுக்குக் காசு கொடுக்கச் சட்டம் இருக்கிறது, அது கொஞ்சம் ஆறுதல். அவ்வளவு பிழிந்தும் கேம் அந்த டிசம்பரில் உடைந்த நிலையில் வந்து, சோனி அதைத் தன் கடையில் இருந்தே எடுத்தது. மனிதனை உறங்கவிடாமல் வேலை வாங்கினால் நல்ல பொருள் வரும் என்று நம்புகிறவர்கள் அந்த வருடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாறுகிறது என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. அமெரிக்காவில் ரேவன் சொஃப்ட்வெயார் என்ற கேம் கொம்பனியின் சோதனையாளர்கள், அதாவது இந்தத் தொழிலில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்கள், 2022 மே மாதம் 19க்கு 3 என்று வாக்களித்துச் சங்கம் வைத்தார்கள். ராக்ஸ்டாரிலும் 2018க்குப் பிறகு நிலைமை முன்னேறியதாக உள்ளே இருப்பவர்களே சொன்ன செய்திகள் வந்தன. ஆனால் 2025 கடைசியில் அதே கொம்பனி முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக நிறுத்தியது. இரகசியத் தகவலை வெளியில் பகிர்ந்தார்கள் என்கிறது கொம்பனி, சங்கம் சேர்த்ததற்காக நிறுத்தினார்கள் என்கிறது பிரிட்டனில் உள்ள தொழிற்சங்கம். எனக்கு எந்தப் பக்கம் நம்பிக்கை என்று இவ்வளவு வாசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது முக்கியமான கேள்வி. இதெல்லாம் தெரிந்தும் ஏன் காசு கொடுத்து வாங்கினாய்? வாங்காமல் விடுவது சரி என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் இந்தக் கேம் முதல் மூன்று நாளில் மட்டும் 725 மில்லியன் டொலர் ஈட்டியது, இன்று வரை ஏழு கோடிப் பிரதிகளுக்கு மேல் போய்விட்டது. நான் வாங்காததால் அந்தப் பீப்பா செய்தவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைக்காது. அவர் செய்ததை யாராவது ஒருவர் குதிரையை விட்டு இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கொப்பி டிவிடியில் அதைச் செய்ய மனம் வரவில்லை.

கதைக்கும் உலகத்துக்கும் நடிப்புக்கும் பத்துக்கு ஒன்பதரை கொடுப்பேன். மிஷன்கள் கட்டிவைத்த விதத்துக்கு ஆறு. ஆன்லைன் பகுதியை நான் தொடவே இல்லை. செய்தவர்களை நடத்திய விதத்துக்குப் புள்ளி போடுகிற வழக்கம் விமர்சனங்களில் இல்லை, போட்டால் இந்தக் கேம் அதில் பாஸ் ஆகாது. இன்னொரு விஷயமும் அந்தக் கணக்கில் வரும். கேம் முடிவதற்கு முன் விலகிப்போனவர்களின் பெயரைக் கேமுக்குள் போடுவதில்லை என்பது அந்தக் கொம்பனியின் வழக்கம். ஐந்து வருடம் குதிரை செய்துவிட்டு ஆறாம் வருடம் உடம்பு முடியாமல் போனால் பெயர் இல்லை. அவர்களுக்கு நன்றி சொல்லி இணையத்தளத்தில் தனியாக ஒரு பட்டியல் போட்டார்கள். நான் அந்தப் பட்டியலையும் போய் வாசித்தேன், நீங்களும் வாசியுங்கள்.

மருமகன் வருகிற வருடம் உயர்தரம் எழுதுகிறான். அப்புறம் கேம் டிசைன் படிக்கப்போகிறேன் என்கிறான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் இப்போதே கல்லடிப் பாலத்தைச் செய்து வைத்திருக்கிறான், பழைய பாலத்தின் இரும்புக் கட்டமைப்பை ஆணி ஆணியாக. நல்லாச் செய்திருக்கிறான். போகாதே என்று நான் சொல்லவில்லை. நியமனக் கடிதம், ஈபிஎஃப், ஓவர்டைம், பட்டியலில் பெயர், இந்த நாலையும் இன்டர்வியூவில் வாய் திறந்து கேள், நீ எத்தனை மணிக்கு வந்தாய் எத்தனை மணிக்குப் போனாய் என்று முதல் நாளில் இருந்தே ஒரு சிஆர் கொப்பியில் எழுது என்று சொன்னேன். “அப்படிக் கேட்டா வேலை தருவாங்களா மாமா?” என்றான். நான் உடனே பதில் சொல்லவில்லை. இப்போது நான் வீட்டில் இருந்து தனியாக வேலை எடுக்கிறேன், மணிக்கணக்கு எழுதித்தான் பில் அனுப்புகிறேன். மூன்று கிளையண்ட் அதற்காகவே விட்டுப்போனார்கள், இரண்டு பேர் நின்றார்கள். அதைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

கேம் முடிந்த ராத்திரி பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியது. அவன் கையை நீட்டி அதைத் தள்ளிவிடப் பார்த்தான். விடு, ஓடட்டும் என்றேன். மிக நீளமான பட்டியல் அது, நடுவில் காட்சிகளும் வரும். எடின்பரோ, நியூயோர்க், சான் டியாகோ, லிங்கன் என்று ஊர் ஊராகப் போனது. பெங்களூரில் இருக்கிற ஸ்டுடியோவின் பகுதி வந்ததும் எங்கள் பக்கத்துப் பெயர்கள் வரத் தொடங்கின. அவன் கதிரையை முன்னுக்கு இழுத்து, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தான், அம்மா உள்ளறையில் இருந்து படுங்கடா என்று சத்தம் போடும் வரைக்கும்.